பெரியவர் பார்த்துவிட்டுப் போனது

என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் நான் படகேறிக் கடலில் போயிருக்கிறேன். எண்ணூர்க் குப்பத்தில் மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்தவள் இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். என்ன செய்வது, எங்கள் பக்கத்தில் கடல் ஆம்பிளைகளுடையது. கரைக்கு வந்து சேர்ந்த மீன்தான் பொம்பிளைகளுடையது. அந்த மீனைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து விற்று, அரிசி வாங்கி, கந்துவட்டிக்காரனிடம் வாய்ச்சண்டை போட்டு, குடித்துவிட்டு வரும் புருஷனுக்குச் சோறும் போட்டுவிட்டுப் படுப்பதெல்லாம் எங்கள் பெண்கள்தான். ஆனால் படகில் மட்டும் அவர்கள் கால் வைக்கக்கூடாது. ஏன் என்று பெரியம்மாவிடம் கேட்டேன். "வெச்சா படகு கோச்சுக்கும்" என்றாள். கோபித்துக்கொள்கிற படகு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள நான் கொஞ்ச நாள் கரையில் குந்திக்கொண்டு எங்கள் படகையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எப்போதும் போலத்தான் இருந்தது.

அப்போது எனக்கு எட்டு வயதோ ஒன்பதோ. யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரனும் போய், எங்கள் குப்பத்தில் மட்டும் எதுவும் மாறாமல் இருந்த காலம். அந்த வருஷம் கார்த்திகைக் கடைசியில் புயல் அடித்தது. ஆறு பெருகிக் கால்வாயில் விழுந்து, கால்வாய் கரையை உடைத்துக்கொண்டு ரோட்டின் மேல் ஏறியது. திருவொற்றியூருக்குப் போகிற ரோடு இருந்த இடத்தில் பழுப்புத் தண்ணீர்தான் ஓடியது. தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியெல்லாம் அரித்துப்போய் ரயிலும் நின்றுவிட்டது. மார்கழி பிறந்தபோது வெயில் வந்தது. கடல் ஒன்றும் தெரியாத பிள்ளை போலச் சாந்தமாகிவிட்டது. ஆனால் நிலம் இன்னும் தண்ணீருக்குள்தான் கிடந்தது. அப்படி ஒரு நேரத்தில் பார்த்து என் அம்மாவுக்கு இடுப்பு வலி எடுத்தது.

முந்தின நாள் பொழுது சாய்ந்ததிலிருந்து வலி. விடிந்தும் பிள்ளை வரவில்லை. எங்கள் குப்பத்துக் குழந்தைகளையெல்லாம் கையில் வாங்கிய மருத்துவச்சி ஒருத்தி இருந்தாள். எப்போதும் வெற்றிலை மென்றுகொண்டு யாரையாவது கேலி பேசிக்கொண்டிருப்பவள். அன்று காலை அவள் வாயில் வெற்றிலை இல்லை. வெளியே வந்து நைனாவைக் கூப்பிட்டாள். நாங்கள் அப்பாவை நைனா என்றுதான் சொல்வோம். நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றதை அவள் கவனிக்கவில்லை.

"புள்ள குறுக்க கெடக்குது. இது என் கைல இல்ல. ராயபுரம் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ. பொழுது உச்சிக்கு வர்றதுக்குள்ள போய்ட்டின்னா ரெண்டு உசுரும் உனக்கு. லேட்டாச்சுன்னா நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

ரோடு இல்லை, ரயில் இல்லை, ராயபுரம் இருக்கிறது தெற்கே. போவதற்கு மிச்சமிருந்த வழி கடல் ஒன்றுதான். அது எல்லோருக்கும் தெரிந்திருந்தும் யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. எல்லோரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள்.

பெரியப்பா நைனாவுக்கு அண்ணன். படகுக்குப் பொறுப்பு அவர்தான். பின்னால் நின்று திசைத் துடுப்பைப் பிடிப்பதும் அவரே. போலீஸ்காரனுக்கும் பயப்படாதவர், சாராயக்கடைக்காரனுக்கும் பயப்படாதவர். கடலுக்கு மட்டும் பயப்படுவார். அந்தப் பயத்தால்தான் எங்கள் குடும்பத்தில் ஒரு ஆணும் கடலில் சாகவில்லை என்று குப்பத்தில் பேசிக்கொள்வார்கள். பிரசவ வலியோடு ஒரு பெண்ணைப் படகில் ஏற்றுவதென்றால் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது எனக்குப் புரிகிறது. கரைக்குப் போய்ப் படகின் முன்னால் நின்றார். கற்பூரம் கொளுத்தினார். மஞ்சள் தண்ணீர் தெளித்தார். குனிந்து படகின் காதில் சொல்வது போல ஏதோ முணுமுணுத்தார். பிறகு திரும்பிப் பார்க்காமல், "தூக்கினு வாங்கடா" என்றார்.

எங்கள் படகு ஆணி அடித்த படகல்ல. பலகைகளைக் கயிற்றால் தைத்துத் தையலுக்கு அடியில் நார் வைத்து அடைத்த படகு. பெரிய வலை போடுவதற்கென்று இருப்பது. அலை அடித்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும். ஆனால் தையல் வழியே எந்நேரமும் தண்ணீர் கசியும். யாராவது ஒருவர் உட்கார்ந்து இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அன்று ஆம்பிளைகள் எல்லோரும் துடுப்புக்கு வேண்டியிருந்தது. பெரியம்மா அம்மாவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இறைப்பதற்கு ஆள் இல்லை. நைனா என்னை இடுப்பைப் பிடித்துத் தூக்கிப் படகுக்குள் போட்டு, கையில் ஒரு தகர டப்பாவைக் கொடுத்தார். பெரியப்பா முகத்தைச் சுளித்தார். என் சித்தப்பாதான், "ரெண்டு பொம்பள ஏறியாச்சு. கூட ஒரு சுண்டக்கா ஏறுனா இன்னா அண்ணே" என்றார்.

சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். யுத்தத்தின்போது எண்ணூருக்கு நேரே ஜப்பான்காரனின் நீர்மூழ்கிக் கப்பல் தலையைத் தூக்கியதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறவர். அவர் சொல்கிற ஒவ்வொரு தடவையும் கப்பல் கொஞ்சம் வளர்ந்திருக்கும். கடலில் இருக்கிற பூதங்களைப் பற்றியெல்லாம் எங்களுக்குச் சொன்னவர் அவர்தான். ஆகவே படகில் ஏறியதும் நான் தண்ணீருக்குள்தான் எட்டிப் பார்த்தேன். அம்மாவுக்கு என்ன ஆகும் என்ற கவலையைவிட, அடியில் என்ன இருக்கிறது என்ற கவலைதான் எனக்கு.

படகின் அடியில் பழைய வலையையும் கோணியையும் விரித்து அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். தலை பெரியம்மாவின் மடியில். நான் அம்மாவின் காலடியில் குந்தி இறைத்துக்கொண்டிருந்தேன். அலையைத் தாண்டுகிற வரைக்கும் அம்மா என் பெயரையும் நைனாவின் பெயரையும் மாற்றி மாற்றிச் சொல்லிக் கத்தினாள். புருஷன் பெயரை அவள் சொல்லி நான் கேட்டது அன்றுதான். துடுப்பு வலிக்கும்போது வழக்கமாகப் பாட்டுப் போடுவார்கள். அன்று பாட்டு இல்லை. "போடு, போடு" என்று பெரியப்பாவின் குரல் மட்டும். வலது கைப்பக்கம் கரை பின்னால் போய்க்கொண்டிருந்தது. திருவொற்றியூர்க் கோயில் கோபுரம் தெரிந்ததும், "பாதி வந்தாச்சு. தாங்கிக்கம்மா" என்று பெரியம்மா அம்மாவின் முகத்தைத் துடைத்தாள். வெயில் இன்னும் ஏறவில்லை. நேரம் இருந்தது.

நான் டப்பாவில் மொண்டு வெளியே ஊற்றினேன். ஊற்றிய இடத்தில் தண்ணீர் கறுப்பாக இருந்தது. மேகத்தின் நிழல் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். வானத்தில் மேகமே இல்லை. மறுபடி குனிந்தேன். அந்தக் கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. வரிசை வரிசையாக. வாசலில் புள்ளி வைத்துவிட்டுக் கோடு போட மறந்துபோன கோலம் போல. அந்தக் கோலம் மெதுவாக நகர்ந்து படகோடு கூட வந்தது. முன்னாலும் முடியவில்லை, பின்னாலும் முடியவில்லை. எங்கள் படகைவிட நீளம்.

நான் கத்தவில்லை. கத்துவதற்குக் குரல் வர வேண்டுமே. சித்தப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கோ இறங்கிப் போனதை நான் பார்த்தேன். நீர்மூழ்கிக் கப்பலைப் பார்த்த வீரர், திரும்பி அண்ணனிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"பெரியவரு."

அதைக் கரையில் நாங்கள் புள்ளிச் சுறா என்போம். கடலில் அந்தப் பேரைச் சொல்லக்கூடாது. பெரியவர் என்றுதான் சொல்ல வேண்டும். ஏனென்றால் அது மீன் அல்ல, எங்கள் குப்பத்து அம்மன் அனுப்புகிற காவல்காரர். எந்தப் படகில் யார் போகிறார்கள், என்ன தப்பு செய்திருக்கிறார்கள் என்று பார்க்க வருகிறார். அவர் வந்தால் துடுப்பைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிட வேண்டும். யாரும் அசையக்கூடாது, வாயைத் திறக்கக்கூடாது, முக்கியமாக அழக்கூடாது. அவர் பார்த்து முடித்துத் தானாகப் போன பிறகுதான் துடுப்பைப் போட வேண்டும். மதிக்காமல் போனால் வாலால் ஒரு தட்டு, படகு பலகை பலகையாகப் போய்விடும். இதெல்லாம் எங்கள் குப்பத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும்.

"துடுப்ப தூக்கு" என்றார் பெரியப்பா, குரலே இல்லாமல். "எவனும் வாய தொறக்காதீங்க."

துடுப்புகள் எல்லாம் மேலே எழுந்தன. அவற்றிலிருந்து சொட்டுகிற தண்ணீரின் சத்தம் மட்டும் கேட்டது. படகு கொஞ்ச தூரம் தானாகப் போய் நின்றது. பெரியவரும் நின்றார்.

அப்புறம் அவர் எங்களைப் பார்க்க ஆரம்பித்தார். ஒரு சுற்று சுற்றி வந்தார். முதுகின் மேல் இருந்த துடுப்பு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. நான் இருந்த பக்கம் வந்ததும் தலையைத் தூக்கினார். தலை அகலமாக, தட்டையாக இருந்தது. வாய் தலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. அவ்வளவு பெரிய உடம்புக்குக் கண் மட்டும் எலுமிச்சம்பழம் அளவுகூட இல்லை. அந்தக் கண் திரும்பி என் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தது. சத்தியமாகச் சொல்கிறேன், டப்பாவைத்தான் பார்த்தது. பயத்தில் டப்பா சாய்ந்து அதிலிருந்த தண்ணீர் வெளியே கொட்டியது. கொட்டிய இடத்துக்கு அவர் வாயைக் கொண்டுவந்தார். பக்கத்து வீட்டில் என்ன குழம்பு என்று எட்டிப் பார்க்கிற பெண்பிள்ளையைப் போல.

"எறைக்காதடி" என்று பெரியப்பா பல்லைக் கடித்தார். "எறைச்சா வர்றாரு பாரு."

நான் நிறுத்தினேன். கசிவு நிற்கவில்லை. கோணி நனைந்தது, பிறகு வலை நனைந்தது, பிறகு அம்மாவின் புடவை நனைந்து மிதந்தது. அடுத்த வலி வந்தபோது அம்மாவின் வாயிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. பெரியப்பா கையை நீட்டித் தன் மனைவியைப் பார்த்து வாயைப் பொத்துவது போலச் சைகை காட்டினார். பெரியம்மா முந்தானையைச் சுருட்டி அம்மாவின் பற்களுக்கு நடுவில் வைத்தாள். அம்மா அதைக் கடித்தாள். அவள் கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டு நின்றது. ஆனால் சத்தம் வரவில்லை. அம்மா அவ்வளவு அடக்கமானவள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பெரியவர் அடியில் போனார். போனவர் எங்கே என்று நான் மறுபக்கம் பார்ப்பதற்குள் படகு கிடுகிடுவென்று ஆடியது. அடிப்பலகையில் முதுகை வைத்துத் தேய்க்கிறார். எருமை தூணில் உரசுவது போல, சுகமாக, நிதானமாக. தையல் கயிறெல்லாம் கிறீச்சிட்டது. என் கால் விரலுக்குப் பக்கத்திலிருந்த தையல் ஒன்றில் தண்ணீர் கசிவதை விட்டுவிட்டுக் கொப்பளிக்க ஆரம்பித்தது. நான் அதன் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டேன். இப்போது பலகை பிரியும், இப்போது எல்லோரும் தண்ணீருக்குள், அந்த வாய் கதவைப் போலத் திறந்து முதலில் என்னைத்தான் உள்ளே இழுக்கும், ஏனென்றால் என்னைத்தான் அது நன்றாகப் பார்த்து வைத்திருக்கிறது. தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். தெரியாத ராயபுரம் மாதாவையும் சேர்த்துக்கொண்டேன்.

அவர் தேய்த்துவிட்டு வெளியே வந்தார். போய்விடுவார் என்று எல்லோரும் நினைத்தோம். போகவில்லை. படகின் நிழலில், எங்கள் பக்கத்திலேயே, அசையாமல் மிதந்தார். மாட்டுக்கு மரநிழல் கிடைத்தது போல அவருக்கு எங்கள் நிழல் பிடித்துவிட்டது. நாங்கள் அசையாமல் இருக்க இருக்க அவருக்கு இன்னும் சௌகரியம். இது இப்போது எனக்குத் தெரிகிறது. அன்று படகிலிருந்த யாருக்கும் தெரியவில்லை. அவர் பார்த்து முடிக்கட்டும் என்று நாங்கள் காத்திருந்தோம். நாங்கள் கிளம்பட்டும் என்று அவர் காத்திருந்தாரோ என்னவோ.

திருவொற்றியூர்க் கோபுரம் வைத்த இடத்திலேயே இருந்தது. வெயில் ஏறியது. என் நிழல் சுருங்கிக்கொண்டே வந்து என் காலுக்குள் புகுந்தது. துடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்த ஆம்பிளைகளின் கைகள் நடுங்கத் தொடங்கின. நைனாவின் கை மட்டும் மற்றவர்களுடையதைவிட அதிகமாக நடுங்கியது. அவர் எனக்குப் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் இருப்பது இந்தப் பக்கம், நைனா ஏன் அந்தப் பக்கம் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது. என் பின்னால் அம்மா கிடந்தாள்.

அம்மாவிடமிருந்து இப்போது முனகல்கூட வரவில்லை. பெரியப்பா திரும்பிப் பார்த்து மெச்சுகிற மாதிரித் தலையை ஆட்டினார். "அப்படித்தான். எப்படி அடக்கிகினு கீறா பாரு" என்று கிசுகிசுத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

பெரியம்மா குனிந்து அம்மாவின் வாயிலிருந்த துணியை எடுத்தாள். அம்மாவின் வாய் திறந்தபடியே இருந்தது. பெரியம்மா அவள் கன்னத்தில் தட்டினாள். பிறகு கையை நனைந்த புடவைக்குள் விட்டு வயிற்றின் மேல் வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். கையை அங்கேயும் இங்கேயும் மாற்றி வைத்தாள். எடுத்தவள் நிமிர்ந்து தன் புருஷனைப் பார்த்தாள். பெரியம்மா பெரியப்பாவை நாலு பேர் முன்னால் நேருக்கு நேர் பார்த்துப் பேசியதே கிடையாது. "ஏங்க" என்பதைக்கூடச் சுவரைப் பார்த்துத்தான் சொல்வாள்.

"யோவ்!" என்றாள். அந்தச் சத்தம் கடல் முழுக்கக் கேட்டிருக்கும். "அவ அடக்கிகினு இல்லய்யா, மயங்கிப் பூட்டா! பெரியவரு பாத்தது போதும். துடுப்ப போடு!"

"கம்முனு கெட" என்றார் பெரியப்பா. அவர் உதடு வெளுத்திருந்தது. "ஏத்தக்கூடாதத ஏத்திகினு வந்திருக்கோம். அதான் வந்து நிக்கிறாரு. இதுலயும் தப்பு பண்ணா அத்தினி பேரும் போய்டுவோம்."

காலையில் ஒரு விதியை மீறிவிட்டுக் கடலுக்கு வந்தவர் அவர். இரண்டாவதையும் மீறுவதற்கு அவரிடம் தைரியம் மிச்சமில்லை. அதை நான் இப்போது சொல்கிறேன். அப்போது பெரியப்பா சொன்னதுதான் சரி என்று நானும் நினைத்தேன். பெரியம்மா வாயை மூடினால் தேவலை என்று இருந்தது.

நைனா அண்ணன் பக்கம் திரும்பவில்லை. கையிலிருந்த துடுப்பை ஓங்கித் தண்ணீரில் போட்டார். அது தண்ணீரில் விழவில்லை. பெரியவரின் முதுகில் விழுந்தது. நனைந்த மூட்டையில் அடித்தது போல ஒரு சத்தம். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். சித்தப்பா காதையும் சேர்த்து மூடிக்கொண்டார்.

நான் மூடவில்லை. மூடினால் அது என்னை எடுத்துக்கொள்ளும் என்று பயம். அதனால் நான் பார்த்தேன். புள்ளி போட்ட முதுகு ஒரு தடவை சிலிர்த்தது. மாடு ஈயை விரட்டத் தோலைச் சிலிர்க்குமே, அவ்வளவுதான். பிறகு அது அவசரமில்லாமல் கீழே அமிழ்ந்தது. புள்ளிகள் மங்கி மங்கி மறைந்தன. வால் எங்களைத் தொடவே இல்லை.

நைனா துடுப்பு போட, சித்தப்பா போட, மற்றவர்களும் கண்ணைத் திறந்து போட்டார்கள். நான் வெறி பிடித்தவள் மாதிரி இறைத்தேன். கொஞ்ச தூரம் போன பிறகு திரும்பிப் பார்த்தால் பெரியவர் பின்னால் வந்துகொண்டிருந்தார். தெருமுனை வரைக்கும் வழியனுப்ப வருகிற நாய் போல ஒரு அளவு வரைக்கும் வந்து, அப்புறம் காணோம். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. பெரியப்பா திசைத் துடுப்பைப் பிடித்தபடி நின்றார். ராயபுரம் வருகிற வரைக்கும் "போடு" என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

துறைமுகத்துச் சுவரும் நங்கூரம் போட்ட கப்பல்களும் தெரிந்தபோது பொழுது உச்சியைத் தாண்டியிருந்தது. அலையோடு படகைக் கரையில் ஏற்றியதும் அங்கிருந்த ஜனங்கள் ஓடிவந்தார்கள். இரண்டு துடுப்புக்கு நடுவில் வலையைக் கட்டி அதில் அம்மாவைத் தூக்கிப் போய்க் கைரிக்ஷாவில் ஏற்றினார்கள். பெரியம்மா ஏறி அவளை அணைத்துப் பிடித்துக்கொண்டாள். நைனா ரிக்ஷாவுக்குப் பின்னால் ஓடினார். பெரியப்பாவும் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

நானும் சித்தப்பாவும் படகுக்குக் காவல். கூட்டம் கூடியதும் சித்தப்பாவுக்குக் குரல் திரும்பி வந்தது. முதலில் சொன்னபோது பெரியவர் படகைச் சுற்றி வந்தார். இரண்டாம் தடவை வாயைத் திறந்து படகின் மூக்கைக் கவ்விக்கொண்டார். அதற்கடுத்த தடவை சித்தப்பாவே துடுப்பை அந்த வாய்க்குள் விட்டு நெம்பி வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். "இல்ல, அது சும்மாதான் இருந்துச்சு" என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. ஆனால் ஒரு மீன்காரி எனக்குப் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்து, "எம்மாந் தைரியம்டி உனக்கு" என்று கன்னத்தைக் கிள்ளினாள். அம்மா எங்கே என்பதையே அந்தப் பன் தீருகிற வரைக்கும் நான் மறந்துவிட்டேன்.

அம்மா பொங்கல் கழிந்து, ரயில் ஓட ஆரம்பித்த பிறகுதான் வீட்டுக்கு வந்தாள். பாதி உடம்பாக இருந்தாள். கையில் ஒன்றும் இல்லை. "பாப்பா எங்க?" என்று கேட்டேன். "ஆஸ்பத்திரிலயே தங்கிட்டான்" என்றாள் பெரியம்மா. தம்பி என்பது அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. அவனுக்கு அங்கே யார் சோறு போடுவார்கள் என்று கேட்டேன். பெரியம்மா அடுப்பை ஊதப் போய்விட்டாள். அம்மா யாரிடமும் பேசவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள்.

துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் பெரியப்பாதான் பதில் சொன்னார். ஒவ்வொருவரிடமும் ஒரே மாதிரி, ஒரே குரலில் சொன்னார். "பெரியவரு வந்து படக மறிச்சிகினு நின்னுட்டாரு. நவுர உடல. இன்னா பண்றது? அவரு கேட்டுட்டாரு, எட்துகினாரு. நம்ம கைல இன்னா கீது." வந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி, கடல் இருக்கும் பக்கம் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். நைனா கிழிந்த வலையை மடியில் போட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டே இருப்பார்.

எனக்கு அதைக் கேட்கக் கேட்கக் கோபமாக வந்தது. கண்ணைத் திறந்துகொண்டு கடைசிவரை பார்த்தவள் நான் ஒருத்திதான். பெரியவர் மேல் எனக்கு இருந்த பயமெல்லாம் அந்தப் பன்னோடு கரைந்து போய், இப்போது அவர் எனக்குத் தெரிந்த ஆள் மாதிரி ஆகிவிட்டிருந்தார். செய்யாத தப்பை ஒருவர் மேல் போட்டால் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? ஒரு நாள் வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது நான் நடுவில் போய் நின்றேன்.

"பொய்யி பெரியப்பா. அவரு ஒண்ணும் எடுக்கல. மறிக்கவும் இல்ல. நான் பாத்துகினே இருந்தேன். அவரு சும்மா நின்னுகினு இருந்தாரு. நாமளும் சும்மா நின்னுகினு இருந்தோம். நைனா துடுப்ப போட்டதும் அவரு பாட்டுக்குப் பூட்டாரு."

சித்தப்பா மட்டும், "போடி அந்தாண்ட" என்றார், அதுவும் பாதிக் குரலில். நைனாவின் கையிலிருந்த ஊசி நின்றுவிட்டது. பெரியப்பா என்னைப் பார்த்தார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி, மறுபடி தோளில் போட்டுக்கொண்டு, வெளியே போனார்.

சுவரோரம் இருந்த அம்மா தலையைத் திருப்பினாள். வீட்டுக்கு வந்த பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"எம்மா நேரம்டி சும்மா இருந்தோம்?"

அம்மாவுக்கு ஏன் தெரியவில்லை என்று எனக்கு ஆச்சரியம். "ரொம்ப நேரம்மா. நீதான் தூங்கிட்டியே. நெழலு என் காலுக்குள்ள வர்ற வரிக்கும் இருந்தோம்" என்றேன். அம்மா என்னைப் பார்த்தாள், நைனாவைப் பார்த்தாள், பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

எனக்கு அடி விழும் என்று காத்திருந்தேன். பெரியவர்கள் பேசும் இடத்தில் புகுந்து பெரியப்பாவைப் பொய் சொல்கிறார் என்றவளுக்கு எங்கள் வீட்டில் வேறென்ன கிடைக்கும்? ஆனால் யாரும் என்னைத் திட்டக்கூட இல்லை. அது அடியைவிட அதிகமாகப் பயமுறுத்தியது.

பொழுது போகிற நேரம். பெரியப்பா சாப்பிட வரவில்லை என்று பெரியம்மா என்னை அனுப்பினாள். அவர் கரையில் படகின் நிழலில் உட்கார்ந்திருந்தார். கோபமாக இருப்பார் என்று நான் சற்றுத் தள்ளியே நின்றேன். அவர் கையை நீட்டி என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். கடலைப் பார்த்தபடியே ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"நீ நல்லா பாத்தியாம்மா? அவரு சும்மாதான் இருந்தாரா?"

பெரியப்பா இன்னும் பயந்துகொண்டிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பாவமாக இருந்தது. அவருக்குத் தைரியம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

"சும்மாதான் பெரியப்பா இருந்தாரு. நைனா அடிச்சப்போகூட ஒண்ணும் பண்ணல. நாம அப்பவே போயிருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டாரு. நீ பயப்படாத."

பெரியப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். தோள் குலுங்கக் குலுங்க அழுதார். நான் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். இத்தனை பெரிய ஆளுக்கு ஒரு மீனிடம் இவ்வளவு பயமா என்று எனக்குக் கொஞ்சம் சிரிப்பும் வந்தது.